கரிப்புள்ளி வைத்த காலண்டர்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவின் பின்சந்தில் நான் குடியிருந்த முப்பது வருஷத்தில், எந்த வீட்டில் எது நடந்தாலும் எனக்குத் தெரியாமல் நடந்ததில்லை. இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மிகைதான். முப்பது இல்லை, இருபத்திரண்டு வருஷம். தெரிந்ததும் பாதிதான், மீதி நானே சேர்த்துக்கொண்டது. அடுத்த வீட்டு நாச்சியார் விஷயத்தில் அந்தப் பாதிகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

நாச்சியார் பூதப்பாண்டி ஊர்ப் பெண். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் வேலப்பனைக் கட்டிக்கொண்டு திருவனந்தபுரத்துக்கு வந்தாள். வேலப்பன் சாலைக் கடைத்தெருவில் ஓர் இரும்புக்கடையில் ஆணி நிறுத்துக் கொடுப்பவன். அதிகம் பேசமாட்டான். அவன் பங்குப் பேச்சையும் அவன் அம்மா முத்தாரம்மாள் பேசிவிடுவாள்.

வந்த முதல் வருஷமே நாச்சியாருக்கு மூன்று மாதம் தள்ளிப் போயிற்று. முத்தாரம்மாள் ஊருக்குக் கடிதம் போட்டாள். நாச்சியாரின் அம்மா ஓர் ஓலைக் கடவப்பெட்டி நிறைய முறுக்கும் மாங்காயுமாகப் பஸ் ஏறி வந்தாள். நாலாம் நாள் உதிரம் கண்டுவிட்டது. அடுத்த வருஷம் நாலு மாதம் தள்ளி, அதேபோல இன்னொரு கடவம், அதேபோல உதிரம். யாரும் அவளைத் திட்டவில்லை. முத்தாரம்மாள் முறுக்கை அக்கம்பக்கத்தில் பங்கு வைத்தாள். எனக்கும் ஆறு வந்தது. என்ன விசேஷம் என்று கேட்டேன், அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிட்டாள்.

மூன்றாம் வருஷத்திலிருந்து நாச்சியார் ஒழுங்காகிவிட்டாள். இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை ‘தூரம்’ என்று சொல்லிப் பின்கட்டு அறையில் போய் உட்கார்ந்தாள். அவர்கள் வீட்டு வழக்கம் அது. மூன்று நாள் அடுக்களைப் பக்கம் வரக்கூடாது; பாய் தனி, தட்டு தனி. மாமியார்தான் சமைப்பாள். சமைக்கும் முன் அடுப்புக்கரியால் காலண்டரில் ஒரு புள்ளி வைப்பாள், கோயிலுக்குப் போகிற நாளைப் பார்த்துக்கொள்ள.

அதில் பெரும்பாலானவை பொய்ப் புள்ளிகள், எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. உண்மையில் அவளுக்கு வருஷத்தில் இரண்டு முறையோ மூன்று முறையோதான் வந்தது. மற்ற மாதங்களில் உலர்ந்த துணியைக் கிணற்றடியில் நனைத்துக் கொடியில் போடுவாள். மாதம் தள்ளினால்தானே கடிதம் போவதும் கடவம் வருவதும். நிஜமாக வரும்போது பன்னிரண்டு நாள் நிற்காது. மூன்று நாள் கழிந்ததும் ஒன்றும் இல்லாதவள்போல நின்று மாவாட்டுவாள். தீட்டோடு விளக்கேற்றுகிறோமே என்கிற பயம் வேறு. உடம்பு ஊதிக்கொண்டே போயிற்று. தாடையில் முளைத்த கறுத்த முடிகளை நூலால் பிடுங்குவாள். சோற்றைக் குறை என்றார்கள் எல்லாரும். நானும் சொன்னேன்.

எழுபத்தைந்து ஐப்பசியில் தம்பானூர்ப் பக்கம் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். இங்கிலீஷ் பேச ஆள் வேண்டுமென்று, பள்ளிக்கூட டீச்சராயிற்றே என்று என்னையும் அழைத்தாள் முத்தாரம்மாள். டாக்டர் பேசியது மலையாளம் கலந்த தமிழ். நான் போன வேலை அத்தோடு முடிந்தது.

முத்தாரம்மாள் மூன்று வருஷக் காலண்டரையும் சுருட்டிக் கொண்டுவந்திருந்தாள்.

“எனக்க மருமவளுக்கு ஒரு கொறையும் இல்ல. நீங்களே பாருங்கோ.”

டாக்டர் விரலை வைத்து எண்ணினார். “இது ரயில்வே டைம்டேபிள் போல உண்டல்லோ. எனக்கே இத்தர கரெக்டா வராது.”

நாச்சியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கம் என்று நினைத்தேன்.

மனைவியிடம் கோளாறு இல்லையென்றால் கணவனைப் பார்க்க வேண்டும். வேலப்பனைச் சோதித்தார்கள். விந்தணு எண்ணிக்கை கொஞ்சம் குறைவு என்று வந்தது. மாத்திரைகள், டானிக், மாதத்தில் குறித்த நாட்களில் சேர்ந்திருக்கச் சொல்லி ஒரு சீட்டு. அந்த நாட்களில் வேலப்பன் இன்னொரு கடைக்கு வேலைக்குப் போகிறவன்போல வீட்டுக்கு வந்தான். அப்படியே எட்டு மாதம் போயிற்று. நாச்சியார் முகத்தைப் பார்த்தால் என்னையும் சேர்த்துத் தூங்கச் சொல்லும், அத்தனை களைப்பு.

கடைசியில் வேலப்பனுக்குச் சின்னதாக ஓர் ஆபரேஷன் செய்து பார்க்கலாம் என்றார் டாக்டர். ஆனியில் அதற்குச் சம்மதக் கையெழுத்து வாங்கக் கூப்பிட்டிருந்தார். வேலப்பன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என்னிடம் பேனா வாங்கிக் குனிந்தான். நாச்சியார் காகிதத்தின் மேல் கையை வைத்தாள்.

“அவியளுக்கு ஒண்ணும் செய்யாண்டாம், டாக்டரே. அந்தப் புள்ளி எல்லாம் பொய்யி.”

“எத்தன புள்ளி?” என்றார் டாக்டர்.

“முக்காவாசியும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். முத்தாரம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

“அப்பம் மாசாமாசம் மூணு நாளு நான் பொங்கிப் போட்டது?”

“அந்த மூணு நாளுதான் அத்தே, என் வயித்த யாரும் பாக்காத நாளு.”

வேலப்பன் பேனாவை மூடி என்னிடம் கொடுத்தான். மனைவியின் கையைக் காகிதத்திலிருந்து எடுக்காமல் அவள் பக்கத்தில் போய் நின்றான்.

டாக்டர் அவளை வெளிச்சத்துக்குத் திருப்பித் தாடையைத் தடவிப் பார்த்தார், உள்ளே கூட்டிப்போய்ச் சோதித்தார். வந்து சொன்னார்: “ஓவரி வீங்கி இருக்கு. அதுல நெறய சின்ன நீர்க்கட்டி இருக்கும். முட்டை மாசாமாசம் வெளிய வராது. இதுக்கொரு பேர் உண்டு, மருந்தும் உண்டு. உங்க குத்தம் இல்ல, கேட்டோ. இத மொதல்ல சொல்லியிருந்தா எட்டு மாசம் மிச்சமாயிருக்கும்.”

வீடு திரும்பி முத்தாரம்மாள் மூன்று நாள் வெளியே தலைகாட்டவில்லை. நாலாம் நாள் சுவரோரம் வந்து என்னைக் கூப்பிட்டாள்.

“டீச்சரே, அந்த மாத்திர சோத்துக்கு முன்னையா பின்னையா? அண்ணைக்குக் கேக்க மறந்துட்டேன்.”

மாதம் ஐந்து நாள் அந்த மாத்திரை. விழுங்கினால் தலை சுற்றும், கண்முன் பூச்சி பறக்கும். நாலாவது மாதமே பலித்துவிட்டது. எழுபத்தேழில் பெண் குழந்தை பிறந்தது.

இப்படி எழுதி முடித்து நாச்சியாருக்கு வாசித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்:

“எழுபத்தெட்டு, டீச்சரக்கா. நாலாவது மாசம் தங்கினது ரெண்டரை மாசத்துல போச்சு. எனக்க மவ பதினொண்ணாவது மாசத்து மாத்திரைக்கு வந்தவ. நீங்க அப்பம் ஒங்க மகளுக்குப் பேறு பாக்கத் திருச்சிக்குப் போயிருந்தீய. வந்த பெறவும் நான் சொல்லல்ல. அதையும் எழுதுங்க.”