பட்டியலின் பத்தாவது புத்தகம்

விழுப்புரத்தில் புதிய ஆசிரியர்களுக்கு நடந்த பயிற்சி ஒன்றில் என்னைப் பேச அழைத்திருந்தார்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்பு எடுக்கப்போகிறவர்கள் படிக்க வேண்டிய பத்துப் புத்தகங்களைச் சொல்ல வேண்டும். தொண்ணூற்று மூன்றில் முகையூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் சேர்ந்ததிலிருந்து இருபது வருஷமாக ஒன்றாம் வகுப்பை விட்டு நகராதவன் என்பதால், நிறையப் படித்திருப்பேன் என்று நினைத்துவிட்டார்கள். அந்த நினைப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கரும்பலகையில் எழுத ஆரம்பித்தேன். முதல் மூன்றும் நான் முழுதாகப் படித்தவை. அடுத்த இரண்டில் முன்னுரையைத் தாண்டியதில்லை. பிறகு வந்த நான்கையும் புத்தகக் கண்காட்சியில் கையில் எடுத்து, விலையைப் பார்த்துவிட்டு வைத்திருக்கிறேன். ஒன்பதோடு சரக்கு தீர்ந்துவிட்டது. எதிரே நாற்பது பேர் பேனாவும் கையுமாகக் காத்திருந்தார்கள். 'வாய் திறக்காத குழந்தைகள்' என்று எழுதினேன். அப்படி ஒரு புத்தகத்தை நான் கேள்விப்பட்டதுகூட இல்லை. போதாததற்கு, பத்தில் இதைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்று வேறு சொல்லிவைத்தேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு பெண் போனில் கூப்பிட்டார். அந்தப் பயிற்சிக்கு வந்திருந்தவர். மரக்காணம் பக்கத்தில் ஒரு கடலோரக் குப்பத்தில் டீச்சர். அவருடைய வகுப்பில் ஒரு சிறுமி, சேர்ந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லையாம். அதனால் பத்தாவது புத்தகத்தைத் தேடித் திண்டிவனம், விழுப்புரம் என்று அலைந்து, பாண்டிச்சேரிக்கும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்வந்துவிட்டாராம்.

"எந்தக் கடையிலயும் இல்லன்றாங்க சார். உங்க புக்கக் குடுத்தீங்கன்னா ஜெராக்ஸ் எடுத்துக்கினு ஜல்தியா திருப்பிக் குடுத்துடுவேன்."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. யாரோ வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை என்றேன். அதில் என்ன சொல்லியிருக்கிறது என்றாவது சொல்லுங்கள் என்றார். குழந்தையை வற்புறுத்தக் கூடாது, சிநேகிதியோடு உட்கார வைக்க வேண்டும், தினமும் பாட்டுப் பாட வேண்டும் என்று, நான்காம் அத்தியாயத்திலிருந்து எடுத்துச் சொல்வதுபோல் சொன்னேன். கொஞ்சம் மெதுவாகச் சொல்லச் சொல்லி அவர் அத்தனையையும் எழுதிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து, திண்டிவனம் பேருந்து நிலையத்தில் அவரே என்னை அடையாளம் கண்டு வந்தார். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார். புத்தகத்தில் இருந்தபடி எல்லாம் செய்தும் அந்தச் சிறுமி வாய் திறக்கவில்லை. ஒரு நாள் 'மீன்' என்ற சொல்லைச் சொல்லித்தர இவர் பலகையில் ஒரு மீன் வரைந்திருக்கிறார். என்ன மீன் என்று ஒரு பிள்ளை கேட்க, வஞ்சிரம் என்று சொல்லிவிட்டார். அந்தச் சிறுமிக்குப் பொறுக்கவில்லை. "இது வஞ்சிரம் இல்ல டீச்சர், வாலு தப்பு" என்றாளாம். அன்றிலிருந்து இவர் எதை வரைந்தாலும் தப்புக் கண்டுபிடித்துப் பேசுகிறாளாம்.

"புக்கு எழுதனவர குத்தம் சொல்றேன்னு நெனைக்காதீங்க சார். நாலாம் அத்தியாயம் எங்க பசங்களுக்கு ஒத்து வரலீங்க."

எழுதியவர் சார்பில் எனக்குக் கோபம் வந்தது என்பதுதான் வெட்கக்கேடு. பாட்டை ஒழுங்காகப் பாடினீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அப்படி ஒரு புத்தகமே கிடையாது, நானாகக் கட்டிவிட்டது என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "ரெண்டு ஞாயித்துக்கிழம சார்" என்றார். மரக்காணம் பஸ் ஏறிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை, பயிற்சி நடத்திய அலுவலகத்துக்குப் போய்ப் பட்டியலில் பத்தாவதை எடுத்துவிடச் சொன்னேன். அங்கிருந்த அதிகாரிக்கு மனசில்லை. அருமையான புத்தகம், தான் படித்த காலத்திலேயே வாசித்ததாகச் சொன்னார். அவரைத் திருத்த எனக்கு என்ன யோக்கியதை? பேனாவை வாங்கி, நான்கிலிருந்து பத்து வரை அடித்துவிட்டு வந்தேன்.