வலப்பக்கத்துப் பீஸும் இடப்பக்கத்து நோவும்

தரையிலிருந்து பாரக் கம்பியை நான்காவது தடவை இழுக்கும்போது இடுப்பில் ஏதோ பிசகியது. சத்தம் எதுவும் வரவில்லை. நூற்றுப்பத்துக் கிலோ முழங்காலைத் தாண்டியிருந்தது. அதற்கு மேல் என் இடது கால் சொல்வழி கேட்கவில்லை. கம்பியைப் போட்டுவிட்டு, கிளிநொச்சியில் நான் பயிற்சி எடுக்கும் ஜிம்மின் சீமெந்துத் தரையில் மல்லாந்து கிடந்தேன்.

பயிற்றுநர் ஓடி வந்தார். எங்கே நோகிறது என்று அவர் கேட்கவில்லை. "பீஸ் அசைஞ்சிட்டுது போல," என்றார்.

அதுதான் எனக்குக் கிடைத்த முதல் நோய்நிர்ணயம். ஏழு மாதமாக அதை யாரும் மாற்றவில்லை. இதை நிதானமாக எழுதலாம் என்று இரண்டு தடவை உட்கார்ந்தேன். முடியவில்லை. கோபத்தோடுதான் எழுதுகிறேன். இதே நிலையில் இருப்பவர்கள் வாசித்துவிட்டுக் கோபப்பட்டால் எனக்குச் சந்தோஷம்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். வன்னியில் பீஸ் என்றால் உடம்புக்குள் தங்கிவிட்ட செல் (எறிகணை) துண்டு. எங்கள் ஒழுங்கையில் மட்டும் நாலு பேரிடம் இருக்கிறது. எனக்குப் பதினாறு வயதில், கடைசிச் சண்டையின்போது, இடுப்புக்குச் சற்று மேலே வலப்பக்கத் தசைக்குள் புகுந்தது. முள்ளந்தண்டுக்குக் கிட்ட என்பதால் எடுக்காமல் விட்டார்கள். காயம் ஆறியது. படித்தேன். அக்கராயனில் வீடு, அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர் வேலை. இருபத்தேழு வயதில் பாரம் தூக்கத் தொடங்கினேன்.

ஏன் என்று கேட்காதவர்கள் இல்லை. என் உடம்பைப் பற்றிய எல்லாக் கதையும் அந்தத் துண்டில்தான் தொடங்கும். என்னைப் பெண்கேட்டு வந்த ஒரு கலியாணப் பேச்சு அதிலேயே முடிந்தும் போனது. ஆனால் தோளில் கம்பியை வைத்துக் குந்தி எழும்பும்போது (இதற்கு ஸ்குவாட் என்று பெயர்) யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. போன கிழமையைவிட இரண்டரைக் கிலோ கூடப் போடலாமா என்பதுதான் அங்கே கேள்வி. நாலு வருடத்தில் தொடை பருத்தது, தோள் அகன்றது, பழைய சட்டைகள் கமக்கட்டில் கிழிந்தன. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது.

முதலில் போன ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுத்தார்கள். படத்தில் பீஸ் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது. டொக்டர் அதைப் பேனையால் தொட்டுக் காட்டினார். எனக்கு நோவு இடது புட்டத்திலிருந்து பெருவிரல் வரை ஓடுகிறது, பீஸ் இருப்பதோ வலப்பக்கத்தில் என்றேன். துண்டு இடம் மாறியிருக்கும், நரம்பு எங்கே தொடங்கி எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியாது என்றார். எம்.ஆர்.ஐ. (காந்தத்தால் உடம்பின் உள்ளே படமெடுப்பது) எடுக்க முடியாது, உள்ளே இரும்பு இருந்தால் காந்தம் இழுத்துவிடும் என்றார். அது சரிதான். வேறு வழியில் பார்க்கலாமா என்று அவர் யோசிக்கவில்லை. காரணம்தான் கையில் கிடைத்துவிட்டதே.

"இனி ஒரு வாளி தண்ணியும் தூக்கக்கூடாது," என்று சொல்லி அனுப்பினார்.

தூக்கவில்லை. அறுபத்திரண்டு வயது அம்மா கிணற்றில் அள்ளித் தந்த தண்ணீரில் குளித்தேன். கதிரையில் பத்து நிமிடம் இருக்க முடியாததால் வேலைக்கும் லீவு. நாலு வருடம் கட்டிய தொடை நாலே மாதத்தில் வற்றியது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் பிஸ்கட் பெட்டியை வைத்துவிட்டு, வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதை என்றார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றைக்கு மூன்றாவது இழுப்பிலேயே பயிற்றுநர் முதுகு வளைகிறது, நிறுத்து என்று சொன்னார். நான் கேட்கவில்லை. பக்கத்தில் இரண்டு பெடியள் பார்த்துக்கொண்டு நின்றார்கள், வீம்பு. பிறகு எல்லோரும் பீஸ் என்றபோது நானும் வாயை மூடிக்கொண்டேன். என் பிழையைச் சண்டையின் தலையில் கட்டிவிட்டுப் படுப்பது சுகமாக இருந்தது. என் மேலும் எனக்குக் கோபம் உண்டு.

ஆறாவது மாதம் ஒரு சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பினார்கள். துண்டை எடுத்துவிடலாம், ஆனால் கிட்டவே நரம்பு இருக்கிறது, கால் விளங்காமல் போகவும் கூடும் என்றார். நான் கையெழுத்து வைத்தேன். அப்போதைய நோவில் காலையே வெட்டுகிறோம் என்றாலும் வைத்திருப்பேன். திகதி தந்தார்கள். அதற்கு இரண்டு கிழமைக்கு முன் இயன்மருத்துவரிடம் (பயிற்சி கொடுத்து உடம்பைத் தேற்றுபவர்) போய்வரச் சொன்னார்கள்.

அவர் பெயரை ஃபர்ஸானா என்று வைத்துக்கொள்வோம். தொண்ணூறில் வெளியேற்றப்பட்ட முல்லைத்தீவு முஸ்லிம் குடும்பம், புத்தளத்தில் பிறந்து வளர்ந்து ஊர் திரும்பியவர், என்னைவிட இளையவர். எங்கே நோகிறது என்று ஒற்றை விரலால் தொட்டுக் காட்டச் சொன்னார். ஏழு மாதத்தில் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். கால் பெருவிரல்களைத் தன் கைக்கு எதிராக நிமிர்த்தச் சொன்னார். வலது விரல் அவர் கையைத் தள்ளியது. இடது விரல் அசையவே இல்லை. அவர் என் கோப்பை எடுத்துப் புரட்டினார்.

"அக்கா, பீஸ் பட்ட நேரம் எடுத்த பழைய எக்ஸ்றே இருக்கா?"

இல்லை, இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் தொலைந்துவிட்டது என்றேன். அப்படித்தான் நான் நினைத்திருந்தேன். கதவடியில் நின்ற அம்மா குனிந்துகொண்டு சொன்னார்:

"தொலையேல்லை. அலுமாரியில கிடக்கு."

வீட்டுக்கு வந்து அம்மா அலுமாரியைத் திறந்தார். காணிப் பத்திரத்துக்குக் கீழே, பொலித்தீன் பையில் சுற்றிய மண்ணிறக் கடித உறை. சண்டை முடிந்து முகாமில் இருந்தபோது எடுத்த படம். ஒரு மடிப்பு விழவில்லை. முதல் டொக்டரும் இதைக் கேட்டிருக்கிறார். நான் உள்ளே எக்ஸ்றே மேசையில் கிடந்த நேரம், வெளியே நின்ற அம்மா இல்லை என்று சொல்லியிருக்கிறார்.

"குடுத்தா திருப்பித் தரமாட்டினம் பிள்ளை," என்றார். "உனக்குக் காயம் பட்டதுக்கு வேற என்ன அத்தாட்சி இருக்கு?"

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுத மாட்டேன். நாலு நாள் அவரோடு கதைக்கவில்லை. தவறான இடத்தில் என்னை வெட்ட இருந்தார்கள், அதைத் தடுக்கக்கூடிய படம் நான் படுத்த கட்டிலுக்கு ஆறடி தூரத்தில் இருந்தது.

ஆனால் அந்தக் கோபம் அம்மாவோடு நிற்கவில்லை. அம்மா ஏன் அப்படி ஆனார் என்பது எனக்குத் தெரியும். சண்டையில் காணாமல்போன அப்பாவைத் தேடித் தரச்சொல்லி ஓர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தபோது, மூலப்பிரதிதான் வேண்டும் என்று கேட்டு, எங்களிடமிருந்த அவருடைய ஒரே புகைப்படத்தையும் வாங்கிக்கொண்டார்கள். அப்பாவும் வரவில்லை, படமும் வரவில்லை. அதற்குப் பிறகு அம்மா எந்த மூலப்பிரதியையும் கையை விட்டுக் கொடுத்ததில்லை. இங்கே எத்தனை வீட்டு அலுமாரிகளில் இப்படிக் கடித உறைகள் பூட்டிக் கிடக்கின்றன என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஃபர்ஸானா இரண்டு படங்களையும் யன்னல் கண்ணாடியில் சேர்த்துப் பிடித்தார். அதே எலும்புக்குப் பக்கத்தில், அதே சாய்வில் பீஸ் இருந்தது. ஒரு நூலளவும் அசையவில்லை. அவர் எழுதிய கடிதத்தோடு சி.ரி. ஸ்கான் (எக்ஸ்றேயால் உடம்பைக் குறுக்காகப் படமெடுப்பது, என் உடம்பில் இரும்பு இருந்தும் எடுக்க முடிந்தது) எடுத்தோம். இடுப்பின் நாலாம் ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவே இடைத்தட்டு (எலும்புகள் உரசாமல் இருக்க உள்ள மெத்தை) பிதுங்கி, இடது நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது. பாரத்தைப் பிழையாக இழுத்தவருக்கு வருவது.

"இது உலகத்தில எல்லாருக்கும் வாற நோ அக்கா," என்றார். "சண்டை பார்க்காத ஆக்களுக்கும் வரும்."

சத்திரசிகிச்சையை நிறுத்தினார்கள். நிபுணர் ஸ்கானைப் பார்த்துவிட்டு "அப்ப நல்லது" என்றார். மன்னிப்பு என்ற சொல் அந்த அறைக்குள் வரவில்லை.

தேறிய கதை பெரிய கதை இல்லை. முதுகோடு ஒரு விளக்குமாற்றுத் தடியைச் சேர்த்துப் பிடித்து, முதுகு வளையாமல் குனியப் பழகினேன். அதற்கே ஆறு கிழமை. பிறகு ஐந்து லீற்றர் தண்ணீர்க் கான் இரண்டு. பிறகு ஒன்றும் கொளுவாத வெறும் கம்பி. ஒரு பின்னேரம் கிணற்றில் அம்மாவின் கையிலிருந்த வாளியை வாங்கி நானே அள்ளினேன். அவர் தடுக்கவில்லை, பக்கத்திலேயே நின்றார். இப்போது எண்பது கிலோ இழுக்கிறேன். பழைய நூற்றுப்பத்து இன்னும் வரவில்லை. முதுகு வளைகிறது என்று பயிற்றுநர் சொன்னால் அந்த இடத்திலேயே கம்பியை வைத்துவிடுகிறேன், யார் பார்த்தாலும்.

சிலருக்குப் பீஸ்தான் காரணமாக இருக்கும். சிலருக்கு வெட்டித்தான் ஆகவேண்டும். நான் அதை மறுக்கவில்லை. பார்த்துவிட்டுச் சொல்லட்டும் என்றுதான் சொல்கிறேன். நோகிற இடத்தை விரலால் காட்டுங்கள். அவர்கள் பார்க்கும்வரை விரலை எடுக்காதீர்கள்.

என் உடம்பில் எது நடந்தாலும் அது பதினாறு வயதில் நடந்ததன் மிச்சம் என்றே எல்லோரும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். காய்ச்சல் வந்தாலும் அந்த நாளுக்குத்தான் போய் நின்றோம். இப்போது காலையில் எழும்பும்போது இடது காலில் கொஞ்சம் விறைப்பு இருக்கும். இது போன வருடம் வந்த நோவு. என் வீம்பால் வந்தது, என் பயிற்சியால் குறைகிறது. எனக்கு முப்பத்திரண்டு வயது என்பது இப்போதுதான் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது.

போன மாதம் கிளினிக்குக்குப் போனோம். நாங்கள் இருந்த நீள வாங்கில் நெடுங்கேணியிலிருந்து வந்த ஓர் ஐயா, தோளைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அம்மா என்ன என்று விசாரித்தார். "பீஸ்தான் தங்கச்சி, வேறென்ன," என்றார் அவர். பழைய எக்ஸ்றே இருக்கா என்று அம்மா கேட்டார். வீட்டில் இருக்கிறது, இதுக்கெல்லாம் கொண்டு வருவதில்லை என்றார்.

அம்மா பையைத் திறந்தார். பொலித்தீனைப் பிரித்து, கடித உறையிலிருந்து என் படத்தை இழுத்து, முன்பின் தெரியாத அந்த மனிதரின் கையில் கொடுத்தார். "வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்கோ. பீஸ் வலப்பக்கம். இவளுக்கு நொந்தது இடப்பக்கம்."

அவர் படத்தைத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அதுவரைக்கும் அம்மா நீட்டிய கையை மடக்கவில்லை.

"பார்த்திட்டுத் திருப்பித் தாங்கோ," என்றார்.