ஒரு கோடியே முப்பது லட்சத்து முப்பத்தொன்பது

விதி இதுதான்: எண்ணை வலப்புறமிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, பிரிவுகளை மாற்றி மாற்றிக் கூட்டிக் கழிக்க வேண்டும். வருவது ஏழு, பதினொன்று, பதின்மூன்று ஆகியவற்றில் எதனால் வகுபடுகிறதோ அதனால் முழு எண்ணும் வகுபடும். கணிதப் பட்டதாரியான எனக்கு இது தலைகீழ்ப் பாடம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு சாரல் காலம். குற்றாலத்தில் தங்கியிருந்த சென்னைப் பேராசிரியர் ஒருவரிடம் என் நண்பன் வேலை கேட்டுப் போனான். என்னோடு படித்தவன், இலஞ்சியில் அண்ணன் வீட்டுச் சோற்றில் இருந்தான். அருவியிலிருந்து ஈரத்துண்டோடு வந்த பேராசிரியர், “ஒரு கோடியே முப்பது லட்சத்து முப்பத்தொன்பது பகா எண்ணா? நிரூபித்து எழுதி அனுப்பும். கல்லூரியில் ஓர் இடம் இருக்கிறது, பார்ப்போம்” என்றாராம்.

அதன் வர்க்கமூலம் மூவாயிரத்து அறுநூறு சொச்சம்; அதுவரையுள்ள பகா எண்கள் எவற்றாலும் வகுபடாவிட்டால் அது பகா எண். வேலையைப் பிரித்துக்கொண்டோம். பதின்மூன்று வரை நான், பதினேழிலிருந்து அவன். நான் தென்காசியில் தாலுகா கச்சேரி குமாஸ்தா. கை பழக்கத்தில் லட்சம், கோடிக்கெல்லாம் காற்புள்ளி வைத்து 1,30,00,039 என்று எழுதி, அந்தத் துண்டுகளையே கூட்டிக் கழித்தேன். அறுபத்தெட்டு வந்தது. ஏழு, பதினொன்று, பதின்மூன்று எதனாலும் வகுபடவில்லை; இரண்டு, மூன்று, ஐந்தாலும் இல்லை.

அவன் விரல் காய்த்துப்போய் வந்து நின்றான். “எதுவும் வகுக்கல. ஒன்னோடத ஒருக்கா சரிபாக்கட்டுமாலே?”

“ஏலே, கச்சேரிக்காரன் கணக்கையா சரிபாக்கப் போற?”

சிரித்துக்கொண்டே, ‘பகா எண்தான்’ என்று எழுதி அனுப்பிவிட்டான்.

சீமைக்குப் போகும் அறிக்கைகளில் மட்டும் காற்புள்ளி மும்மூன்றாக விழும். சில வாரம் கழித்து அப்படியொன்றைத் தயாரிக்கையில், சும்மா அந்த எண்ணையும் அவ்விதமே எழுதிப் பார்த்தேன். 13,000,039. முன்னால் பதின்மூன்று; பின்னால் மூன்று பதின்மூன்று. கூட்டிக் கழிக்கவே தேவையில்லை.

இலஞ்சிக்குப் போய்ச் சொன்னேன்.

“நல்லா இருக்குலே ஒங் கச்சேரிக் கணக்கு” என்றான். பிறகு பதின்மூன்றால் வகுத்தான். பத்து லட்சத்து மூன்று வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இத வகுக்குதது எதுவா இருந்தாலும் பெரிய எண்ணையும் வகுத்திருக்கணும்லா? பதினேழும் அதுக்கு மேல உள்ளதும் ஒண்ணுமே வகுக்கலயே. பதிமூணும் கீழ உள்ளதும் இப்பவே பாத்துட்டேன், வகுக்கல. அப்ப இது பகா எண்ணுலே!”

தேடியது கிடைக்கவில்லை, அவன் உழைப்பிலேயே வேறொன்று நிரூபணமாகிக் கிடந்தது. அதை எழுதி, மேலே ‘முன் அனுப்பியது என் பிழை’ என்று சேர்த்தான். பிழை செய்தவனே திருத்தத்தில் கையெழுத்திட வேண்டும் என்பது கச்சேரி நடைமுறை. எத்தனையோ பேரிடம் அதை நான் வற்புறுத்தியிருக்கிறேன். அன்று மசிக்கூட்டை அவன் பக்கம் நகர்த்தி வைத்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை.

பத்து லட்சத்து மூன்று பகா எண்தான், நிரூபணமும் சரி, இடத்துக்கு மட்டும் வேறொருவரை எடுத்தாகிவிட்டது என்று பதில் வந்தது, கார்த்திகை ஒன்பதாம் தேதி.