அறுபத்து நான்கு கலசம்

என் ஓரகத்திக்கு முப்பத்திரண்டு கலசம். அதனால்தான் எனக்கு அறுபத்து நான்கு வேண்டியிருந்தது. வேறு காரணம் எதுவும் கிடையாது. பக்தி, சாஸ்திரம், இவருடைய ஆசை என்று அப்போது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, அத்தனையும் பொய்.

என் கணவரின் அண்ணனுக்கு முந்தின வருஷம் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் வந்து செய்து வைத்தான். ஒரு பஸ் நிறைய ஜனம், வீடியோ, வந்தவர்களுக்கெல்லாம் எவர்சில்வர் டப்பா. நான் முன்வரிசையில் உட்கார்ந்து, வாயெல்லாம் பல்லாக, ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டிருந்தேன். அட்சதை போட்டுவிட்டுத் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன், அடுத்த ஆவணியில் இவருக்கு இதைவிட ஒரு படி மேலே செய்துவிடுவது என்று.

இந்த எண்ணுகிற வியாதி எனக்குப் புதிதில்லை. அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தபோது வாய்க்கால் தொடங்குகிற இடத்து வயல் அவர்களுக்குப் போனது. வாய்க்கால் முடிகிற கடைமடை எங்களுக்கு வந்தது. அவர்கள் வயல் நிரம்பி வழிந்த பிறகுதான் தண்ணீர் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கும். என் கணவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருக்கும் சேர்த்து நான் வயிறெரிந்தேன். அவள் கிரைண்டர் வாங்கினால் நான் அதைவிடப் பெரிய கிரைண்டர். அவள் வாசலுக்கு டைல்ஸ் ஒட்டினால் நான் கொல்லைப்புறம் வரைக்கும். "கோழி நடக்கறதுக்கு எதுக்கு டைல்ஸு?" என்று இவர் கேட்டார். நான் கோழியை விரட்டிவிட்டு டைல்ஸைத் துடைத்தேன்.

ஆவணி பிறந்ததும் சம்பாவுக்கு நாற்றங்கால் விட்டோம். எங்களுக்கு அந்த ஒரு போகம்தான் வருஷத்துச் சோறு. விதை தெளித்து நாலு நாள்கூட ஆகவில்லை, போர் மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. குழாயை உருவிப் பார்த்த மெக்கானிக், "காயில் கட்டிக் குடுத்தாலும் நிக்காதும்மா, புதுசு போட்டுடுங்க" என்றார். புது மோட்டாருக்கான பணம் வீட்டில் இருந்தது. ஆனால் அது திருக்கடையூருக்கென்று நான் எடுத்து வைத்திருந்த பணம்.

"விசேஷத்தைச் சின்னதா முடிச்சுக்குவோம்" என்றார் இவர். "கோயில்ல ஒரு அர்ச்சனை, வீட்டுல நாலு பேருக்குச் சாப்பாடு. நான் மோட்டாரைப் போட்டுடறேன்."

"உங்க அண்ணனுக்கு ஊரே வந்துச்சு. உங்களுக்கு அர்ச்சனையா?"

"அவருக்குப் பையன் செஞ்சான்."

"ஆத்துல தண்ணி வந்துட்டுதானே இருக்கு? நாத்துக்கு வாய்க்கா தண்ணி போதுங்க."

"முறை வெச்சுட்டா என்ன பண்ணுவே?"

முறை வைப்பதென்றால் எங்கள் வாய்க்காலைச் சில நாள் அடைத்துவிட்டு, தண்ணீரை வேறு வாய்க்காலுக்குத் திருப்புவது. கடைமடைக்காரர்கள் அந்தச் சொல்லைக் கேட்டாலே மண்வெட்டியோடு வாய்க்காலுக்கு ஓடுவார்கள். நான் அசையவில்லை. "அதெல்லாம் இந்த வருஷம் வைக்க மாட்டாங்க" என்றேன், மதகுச் சாவியை நானே இடுப்பில் செருகியிருப்பதுபோல. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் அதைச் சம்மதம் என்று வைத்துக்கொண்டேன்.

விசேஷத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது முறை வைத்தார்கள்.

மறுநாள் வாய்க்காலில் சேறு. அதற்கு மறுநாள் சேறு வெடிக்க ஆரம்பித்தது. பக்கத்து வயல்காரரின் போரில் அவர் நாற்றுக்கே தண்ணீர் போதவில்லை. இவர் விடிந்ததும் நாற்றங்காலுக்குப் போவார், வந்து சாப்பிடாமல் உட்காருவார், மறுபடி போவார். "ரெண்டாவது பஸ்ஸை மட்டுமாவது நிறுத்திடு. அந்தப் பணத்தோட கையில இருக்கறதைச் சேத்து மோட்டாரை இறக்கிடலாம்" என்றார். அவள் ஒரு பஸ். நானும் ஒரு பஸ்ஸா? பத்திரிகை கொடுத்தாகிவிட்டது, ஜனத்தை எண்ணிச் சொல்லியாகிவிட்டது என்று சத்தம் போட்டேன். தினமும் வானத்தைப் பார்த்தேன். ஒரு மழை பெய்துவிட்டால் நான் சொன்னதே சரியென்று ஆகிவிடும். பெய்யவில்லை.

திருக்கடையூரில் அறுபத்து நான்கு கலசத்தையும் நூல் சுற்றி, மாவிலை வைத்து, வரிசையாக அடுக்கியிருந்தார்கள். ஓரகத்தியின் உதடுகள் மெல்ல அசைவதைப் பார்த்தேன். எண்ணுகிறாள்! எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. சரியாக அப்போதுதான் இவர் மடியில் செருகியிருந்த போன் அடித்தது. காதில் வைத்தார், கேட்டார், அணைத்துப் பையில் போட்டார்.

"யாருங்க?"

"பக்கத்து வயக்காரரு. நாத்து சுருண்டு போச்சாம். இன்னிக்கு வெயிலைத் தாங்காதாம்."

அதற்குள் எங்களை வெளியே அழைத்துப் போய் மணையில் உட்கார வைத்துவிட்டார்கள். தலைக்கு மேல் சல்லடையைப் பிடித்துக்கொண்டு, உறவுக்காரர்கள் ஆளுக்கொரு கலசமாக ஊற்றினார்கள். ஒன்று முடியுமுன் இன்னொன்று. மூச்சு முட்டியது. தண்ணீர் எங்கள் மேல் வழிந்து, தரையில் ஓடி, சாக்கடையில் இறங்கியது. இவர் கண்கள் அந்தச் சாக்கடையை விட்டு அகலவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் தொடையைக் கிள்ளி, "சிரிங்க, வீடியோ எடுக்கறாங்க" என்றேன். அவர் சிரித்தார். நான் சொன்னதற்காகச் சிரித்தார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

வீடு திரும்பியதும் ஈர வேட்டியைக்கூட உலர்த்தாமல் வயலுக்குப் போனார். நானும் பட்டுப்புடவையோடு பின்னால் ஓடினேன். நாற்றங்கால் வைக்கோல் நிறத்தில் கிடந்தது. அவர் ஒரு கொத்தைப் பிடித்துக் கசக்கினார். உள்ளங்கையில் தூளாக உதிர்ந்தது. திரும்ப விதைத்து வளர்த்து நட்டால் பயிர் வேர் பிடிக்குமுன் ஐப்பசி மழை மூழ்கடித்துவிடும். யாரிடமாவது மிச்ச நாற்று வாங்கித்தான் நட வேண்டும். அந்த வருஷம் ஊரில் மிச்ச நாற்று இருந்தது ஒரே இடத்தில்தான், வாய்க்கால் அடைத்த நாளெல்லாம் போர் ஓடிய அண்ணன் வயலில்.

"நான் போய்க் கேக்க மாட்டேன்" என்றார் இவர். "அறுபத்து நாலு கலசம் கேட்ட வாயாலயே நீ போய்க் கேளு." முப்பத்தைந்து வருஷத்தில் அவர் என்னைச் சுட்டுச் சொன்ன ஒரே வார்த்தை அது.

போனேன். ஓரகத்தி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "அக்கா, நாத்து கொஞ்சம்..." என்று இழுத்தேன்.

"இதுக்கு ஏன் தயங்கிட்டு நிக்கறே? எங்களுக்குப் போக நிறையக் கிடக்கு. நடவுக்கு முன்னாடி வந்து பறிச்சுக்குங்க."

அவள் முகத்தில் ஒரு சின்ன ஏளனமாவது தெரியுமா என்று தேடினேன். இல்லை. ஏளனம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

புரட்டாசியில் ஆட்களோடு போய் நாற்றுப் பறித்துக் கட்டுக்கட்டாக முடி கட்டினோம். இவரும் சேற்றில் இறங்கிப் பறித்தார். ஓரகத்தி எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள். பணத்தை நீட்டினேன், "போடி பைத்தியம்" என்று கையைத் தள்ளிவிட்டாள். இவ்வளவு காலம் இவளோடா மல்லுக்கு நின்றேன் என்று எனக்குக் கண் கலங்கியது. நிஜமாகவே கலங்கியது. இனிமேல் எதையும் எண்ணுவதில்லை என்று அந்த வரப்பில் நின்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"ஆமா, ஆல்பம் வந்துடுச்சா?" என்றாள் அவள், டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே.

"இன்னும் இல்லக்கா. சொல்லியிருக்கு."

"எத்தனை ஷீட்டு? எங்களோடது நாப்பது."

நாங்கள் சொல்லியிருந்தது இருபது. கையில் அவள் கொடுத்த நாற்று, சேறு சொட்டிக்கொண்டிருந்தது.

"அறுபது, அக்கா" என்றேன்.

கீழே இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து பறிக்கத் தொடங்கினார். மறுநாள் நான் ஸ்டூடியோவுக்குப் போன் செய்து அறுபது ஷீட்டாகவே போடச் சொன்னேன்.