ராக்காயி பக்கத்தில் ஆறடி

சுங்கை சிப்புட்டில் ஜெயபாலன் அண்ணனைத் தெரியாதவர்கள் இருந்தால் அவர்கள் கொடுத்து வைத்தவர்கள். எங்கள் தாமான் குடியிருப்புக் கோயிலுக்குத் தலைவர். பழைய தோட்டத்து இடுகாட்டுக்கும் அவர்தான் பொறுப்பு. நோன்புப் பெருநாளுக்கு ரெண்டாங், சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சு, கிறிஸ்துமஸுக்குக் கேக் என்று எந்த வீட்டு விருந்திலும் பாத்திக் சட்டையோடு முதல் ஆளாக நிற்பார். தின்பார், போட்டோ எடுத்துக்கொள்வார். மைக் கிடைத்தால் போதும், "வெள்ளைக்காரன் நம்மளப் பிரிச்சுத்தான் ஆண்டான். நாம முஹிபாவோட, நல்லிணக்கமா, ஒத்துமையா இருக்கணும்லா" என்பார். கை தட்டுவோம். நானும் தட்டியிருக்கிறேன், வெட்கங்கெட்டவன். கோயில் கமிட்டிச் செயலாளர் அல்லவா!

அவருக்கு ஒரே தங்கை, புனிதா. ரோய்ஸ்டனைக் கட்டிக்கொண்டு ஞானஸ்நானம் வாங்கி, பத்து காஜா என்ற ஊரில் குடியிருந்தாள். அவர்களுடைய அம்மா ராக்காயி படுக்கையில் விழுந்த நான்கு வருடமும் வந்து வந்து பீ மூத்திரம் அள்ளியவள் அவள்தான். அண்ணனுக்கு அப்போதெல்லாம் ஒற்றுமை விருந்துகளுக்குப் போகவே நேரம் போதவில்லை.

போன வருடம் புனிதாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. டாக்டர் கையை விரித்தார். ஆடிப் படையலன்று புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு இடுகாட்டுக்கே வந்துவிட்டாள்.

அண்ணன் அங்கே துரை கல்லறைக்குப் படைத்துக்கொண்டிருந்தார். தோட்டத்தை ஆண்ட வெள்ளைக்காரன் ஒருவனை நம் ஜனங்களுக்கு நடுவிலேயே புதைத்திருக்கிறார்கள். தலைமாட்டில் ஆளுயரச் சிலுவை. வருடா வருடம் அவனுக்கு ஆட்டுக்கறி, ஒரு போத்தல் கறுப்பு பீர், ஒரு சுருட்டு. வைக்காவிட்டால் துரை கோபித்துக்கொள்வாராம்! அண்ணனுடைய தாத்தாவைப் பூட்ஸ் காலால் உதைத்தவன் அந்தத் துரை. அதையும் இவர் பெருமையாகத்தான் சொல்வார்.

"அண்ணே, அம்மா பக்கத்துல எடம் காலியாத்தான இருக்கு. என்னைய அங்க போட்டுருங்கண்ணே" என்றாள் புனிதா.

அவர் சுருட்டைப் பற்றவைத்துக் கல்லறை மேல் பயபக்தியோடு வைத்தார். பிறகுதான் திரும்பினார். "நீ வேதக்காரியாப் போயிட்ட. நான் எல்லா மதத்தையும் மதிக்கிறவன். அதனாலதான் சொல்றேன், அவங்கவங்க அவங்கவங்க எடத்துல இருக்கணும். இங்க சிலுவைய நட்டா சாமி குத்தம்லா."

ரோய்ஸ்டன் அதிர்ந்து பேசாதவர். கல்லறையைக் கையால் காட்டினார். "மச்சான், இதுவும் சிலுவைதானே?"

"வாயக் கழுவு! அது தொரைலா!"

"சிலுவை வேணாண்ணே. கல்லும் வேணாம். வெறும் மண்ணு போதும்" என்றாள் புனிதா. நிற்க முடியாமல் அம்மா சமாதி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் பீர்ப் போத்தலைத் திறந்துகொண்டே, "கமிட்டில பேசிப் பாக்குறேன்" என்றார்.

பேசினார். புனிதா கேட்டதை மறுக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார். ஏழு பேரும் தூக்கினோம். 'பல மதப் பண்பாட்டை மதித்து, இந்தக் கோரிக்கை ஏற்கப்படவில்லை' என்று கூட்டக் குறிப்பில் எழுதியது இந்தக் கைதான். தூ! படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்.

புரட்டாசியில் புனிதா போய்ச் சேர்ந்தாள். பத்து காஜாவில், முகம் தெரியாதவர்களுக்கு நடுவில் அடக்கம் செய்தார்கள். அண்ணன் பெரிய மாலையோடு வந்து அங்கேயும் இரண்டு வார்த்தை பேசினார். "என் தங்கச்சி எந்த மதத்துக்குப் போனாலும் நான் தடுத்ததே இல்ல." ரோய்ஸ்டன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அடுத்த மாதக் கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்தோம். அண்ணன் என் தோளில் கை போட்டார். கண் கலங்கியிருந்தது.

"மகேந்திரா, எங்கம்மா பக்கத்து எடத்த எம்பேருக்குக் குறிச்சு வச்சிருலா. பெத்தவ பக்கத்துல கெடக்கணும்னு யாருக்குத்தான் ஆசை இருக்காது?"

நான் குறித்து வைத்தேன்.