நாலரை அவுன்ஸ்

றஸீனாவின் வாப்பா கச்சி முகம்மது ஏறாவூரில் பால் விற்றவர். விடிந்ததும் சைக்கிளில் கரடியனாற்றுப் பக்கம் போய், கந்தப்போடியாரின் பட்டியில் கறந்த எருமைப் பாலை ஒரு கலன் கேனில் வாங்கி வருவார். ஊருக்குள் வந்ததும் வீட்டுக்கு வீடு போத்தல் கணக்கில் அளந்து ஊற்றுவார். ஒரு கலனுக்கு ஆறு போத்தல். பள்ளிக்கூடம் போகுமுன்பே றஸீனாவுக்கு அது தெரியும். மூன்று வீடுகளுக்கு ஒவ்வொரு போத்தல், இரண்டு வீடுகளுக்கு இரண்டிரண்டு அரைப் போத்தல், மிச்சமிருக்கும் ஒரு போத்தல் வீட்டுத் தேத்தண்ணிக்கு என்று கேன் காலியாகும் விதத்தை அவள் வாசலில் நின்றே சொல்லிவிடுவாள். வாப்பா சிரிப்பார்.

பெரியவளானதும் லொறி ஓட்டும் பாஹிமுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். மகள் நிஸ்றா பிறந்து மூன்று மாதத்தில், பொலன்னறுவை வீதியில் லொறி புரண்டு பாஹிம் மௌத்தாகிப்போனான். அதற்கு முந்தின வருடமே வாப்பாவும் போய்விட்டார். புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்து வெளியே வந்த றஸீனாவுக்கு மிஞ்சியது ஓலைக் கொட்டிலும், கைக்குழந்தையும், கல்யாணம் முடிக்காமல் இருந்த மூத்த சகோதரி அஸீமாவும்தான். குவைத்துக்குப் போவதென்று முடிவானபோது நிஸ்றாவுக்கு எட்டு மாதம்.

"புள்ளைய நான் பாக்கன். நீ போய் ஒரு கல்லு வீடு கட்டுறத்துக்கு வழியப் பாரு" என்றாள் அஸீமா.

"பால் மறக்கல்லியே ராத்தா, இன்னும்."

"மறந்திரும்."

குழந்தை மறந்துவிட்டது. தாயின் உடம்பு மறக்கவில்லை.

குவைத்தில் அவள் வேலைக்குப் போன வீட்டில் ஆண் குழந்தை பிறந்து இரண்டு வாரம். பெயர் ஹமத், வீட்டில் ஹம்மூதி. வீட்டு எசமானியை 'மாமா' என்று கூப்பிட வேண்டும் என்று சொன்னபோது றஸீனாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அந்த மாமா குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பதில்லை, எல்லாம் மாப்பால்தான். பால் போத்தலின் ஒரு பக்கத்தில் அவுன்ஸ் கோடுகள், மறுபக்கத்தில் மில்லிலீற்றர் கோடுகள். மாமாவின் பேச்செல்லாம் அவுன்ஸில். ஓர் அவுன்ஸ் தண்ணீருக்கு ஒரு கரண்டி மா. முதலில் மூன்று அவுன்ஸ், பிறகு நாலு. ஓர் அவுன்ஸ் கோட்டுக்கு நேரே மறுபக்கம் முப்பது என்றிருப்பதை றஸீனா பார்த்துவைத்துக்கொண்டாள். குசினியில் இருந்த சர்பத் போத்தலில் எழுநூற்றைம்பது மில்லி என்று போட்டிருந்தது. ஏறாவூர்ப் போத்தலும் அந்த அளவுதான். அப்படியென்றால் வாப்பா ஊற்றும் ஒரு போத்தலில் இருபத்தைந்து அவுன்ஸ். ஹம்மூதி ஆறு தரம் குடித்தபின்னும் ஓர் அவுன்ஸ் மிஞ்சும். புரியாத பாஷை பேசும் அந்த வீட்டில், அந்தக் கணக்குச் சரியாக வந்தபோது அவளுக்கு ஊர் மனிதர் ஒருவரைக் கண்டதுபோல் இருந்தது.

ஆனால் ஹம்மூதி அழும் ஒவ்வொரு தடவையும் அவள் மார்பு கட்டி, சட்டை நனைந்தது. யாரிடமும் சொல்ல முடியவில்லை. உடுப்புத் துவைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வீசுவதற்கு வைத்திருந்த பழைய பால் போத்தல் ஒன்றில் பாலை எடுத்தாள். முதல் நாள் காலையில் அது நாலு கோட்டைத் தாண்டி நாலரையில் நின்றது. அந்தப் பாலை ஹம்மூதிக்குக் கொடுத்தால், மார்க்கச் சட்டப்படி அவன் நிஸ்றாவுக்குக் கூடப்பிறந்தவன்போல, பால்குடிச் சகோதரனாகிவிடுவான். அவனைப் பெற்றவளைக் கேட்காமல் அப்படிச் செய்ய றஸீனாவுக்கு மனம் வரவில்லை. கேட்கவோ பாஷை போதவில்லை. குழாயைத் திறந்துவிட்டுப் பாலை ஊற்றினாள். வெள்ளையாகச் சுழன்று போனது.

மறுநாளும் எடுத்தாள். அதற்கடுத்த நாளும், நாளுக்கு மூன்று நாலு தரம், வாரக்கணக்கில். நாலரை நாலாகியது, மூன்றாகியது. பிறகு இன்னும் குறைந்தது. ஊற்றியதையெல்லாம் அவள் மனதுக்குள் கூட்டிக்கொண்டே வந்தாள். இருபத்தைந்து அவுன்ஸ் சேர்ந்தபோது ஒரு போத்தல் என்றாள். நூற்றைம்பதைத் தாண்டியபோது வாப்பாவின் கேன் நிரம்பிவிட்டது. ஒரு காலையில் பால் முதல் கோட்டைக்கூடத் தொடவில்லை. அன்று அந்தப் போத்தலைக் கழுவித் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, துவைக்கும் மெசினை ஓடவிட்டு அந்தச் சத்தத்துக்குள் நின்று அழுதாள்.

அதன்பின் ஒன்பது வருடம் ஹம்மூதி அவளிடம்தான் வளர்ந்தான். பல்லு வந்தது அவள் விரலில் தெரிந்தது. குசினி ஜன்னலால் விழும் வெயிலில் அவனைத் தோளில் போட்டு முதுகைத் தட்டுவாள். கழுவிய போத்தல்கள் வெள்ளைத் துவாயில் தலைகீழாகக் காயும். அடுப்பில் ஏலம் போட்ட பால் கொதிக்கும். ஊருக்குத் திரும்பி எத்தனையோ காலமான பிறகும், கடையில் யாரும் மாப்பால் பக்கற்றை உடைத்தால் றஸீனா ஒரு கணம் அப்படியே நின்றுவிடுவாள். அந்தப் பிள்ளை இப்போது எவ்வளவு உயரம், தாடி முளைத்திருக்குமா என்று யோசிப்பாள். வாய் திறந்து சொல்லமாட்டாள். பெற்ற பிள்ளையை விட்டுப்போனவள் யாருடைய பிள்ளைக்கோ ஏங்குகிறாள் என்று ஊர் சொல்லும். நிஸ்றாவும் சொல்லுவாள்.

அவள் கல் வீட்டுக்குத் திரும்பி வந்த நாளில் நிஸ்றா அஸீமாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றாள். பிறகு பழகிவிட்டாள், உம்மா என்று கூப்பிட்டாள், மரியாதை குறைக்கவில்லை. ஆனால் காய்ச்சல் வந்தால் போய்ப் படுப்பது பெரியம்மாவின் பாயில்தான். படித்து ஆசிரியையானாள். கட்டாரில் வேலை செய்யும் றுமைஸைக் கல்யாணம் முடித்தாள். போன வருடம், மாதம் நிறைய இன்னும் எத்தனையோ நாள் இருக்கும்போதே அவளுக்கு வலி வந்து, மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் மின்ஹாஜ் பிறந்தான். ஒரு கிலோவும் சொச்சமும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூக்கால் மெல்லிய குழாய் விட்டிருந்தார்கள்.

அஸீமாவுக்கு முழங்கால் ஏலாது. அதனால் ஆஸ்பத்திரியில் கூட நிற்க றஸீனாதான் போனாள்.

குறைமாதக் குழந்தைகளின் பகுதியில் வதனி என்ற தாதி இருந்தாள். எல்லோரும் வதனி மிஸ் என்பார்கள். பால் எடுக்கும் விதத்தை அவள்தான் நிஸ்றாவுக்குப் பொறுமையாகக் காட்டிக்கொடுத்தாள்.

"ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா ரெண்டு மில்லி காணும். கனக்க வேணாம், பயப்படாதீங்க."

நிஸ்றா எவ்வளவு முயன்றும் கோப்பையின் அடி மட்டும்தான் நனைந்தது. றஸீனா அதைச் சிரிஞ்சியில் இழுத்துப் பார்த்தாள். ஒன்றரை மில்லி. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தரம் கொடுத்தாலும் இந்தப் பிள்ளைக்குத் தேவை இருபத்துநாலு மில்லி. ஓர் அவுன்ஸுக்கும் குறைவு. ஹம்மூதியின் போத்தலில் குடித்து மிஞ்சி அவள் கழுவி ஊற்றியதே அதைவிட அதிகம்.

"எனக்கிட்டப் பாலே இல்ல" என்று நிஸ்றா அழுதாள்.

அவளைத் தேற்ற நினைத்து றஸீனா, "இது சின்ன வயிறு புள்ள. ஹம்மூதிக்குக்கூட முதல்ல..." என்று தொடங்கிவிட்டாள்.

நிஸ்றா நிமிர்ந்து பார்த்தாள். "அந்தப் பேர இஞ்ச எடுக்காதீங்க உம்மா. ஒங்களுக்கு ஊரார்ர புள்ளைக்குப் பால் கொடுத்துத்தான் பழக்கம்."

பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். றஸீனா கோப்பையைக் கொண்டுபோய்ச் சுடுதண்ணீரில் கழுவி வைத்தாள்.

ஆனாலும் விட்டுப்போகவில்லை. நிஸ்றாவுக்குக் கஞ்சி கரைத்துக் கொடுத்தாள். முதுகில் கை வைத்துத் தடவினாள், நிஸ்றா தட்டிவிடவில்லை. இரண்டு மில்லி ஐந்தானது, ஐந்து பத்தானது. கோப்பையை ஏந்திக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு நடக்கும்போது, சின்ன வயதில் பால் கேனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்ததுபோலவே நடந்தாள்.

ஒருநாள் காலை, மின்ஹாஜை நிறுத்துவிட்டு வதனி மிஸ் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"ஒண்டு தசம் ஆறு கிலோ வந்திற்றார். இனிக் கிலோவுக்கு நூத்தம்பது மில்லிப்படி ஒரு நாளைக்கு இருநூத்தி நாப்பது. மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா எண்டா எட்டுத் தரம். ஒரு தரத்துக்கு..."

"முப்பது" என்றாள் றஸீனா. பிறகு, "ஒரு அவுன்ஸு மிஸ்! புள்ள ஒரு அவுன்ஸு குடிக்கப் போறான்!" என்றவள், முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வதனி மிஸ்ஸுக்கு ஆச்சரியம். "இப்ப ஆரும் அவுன்ஸில சொல்றல்லியே உம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மத்தியானம் தாயும் மகளும் வெளியே மர நிழலில் போய் இருந்தார்கள். வாவியிலிருந்து உப்புக் காற்று வந்தது. நிஸ்றாதான் கேட்டாள்.

"ஏன் உம்மா அப்பிடி அழுதீங்க?"

றஸீனா இருபத்துநாலு வருடமாக யாருக்கும் சொல்லாததைச் சொன்னாள். துவைக்கும் அறை, பழைய போத்தல், நாலரைக் கோடு, திறந்த குழாய் எல்லாவற்றையும் சொன்னாள். ஹம்மூதிக்கு ஏன் கொடுக்கவில்லை என்பதையும் சொன்னாள்.

நிஸ்றா கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "நாலரை அவுன்ஸ் எண்டா எத்தின மில்லி?" என்றாள்.

"நூத்தி முப்பத்தஞ்சு."

அத்தனை வாரமாகத் துளித்துளியாக எடுத்து மில்லி எண்ணியவளுக்கு அது எவ்வளவு பெரிய அளவு என்று தெரியும். நனைந்த சட்டையோடு நிற்பது எப்படியென்றும் தெரியும்.

"அவ்வளவும் எண்ட பாலா?"

"ஒண்ட பாலுதான் மகள். வேற ஆர்ர?"

நிஸ்றா அவள் மடியில் தலையை வைத்துப் படுத்தாள். போவோர் வருவோர் பார்த்தார்கள். றஸீனாவுக்குக் கையை எங்கே வைப்பதென்று முதலில் தெரியவில்லை. பிறகு மகளின் தலையில் வைத்தாள்.

மின்ஹாஜ் வீட்டுக்கு வந்து, கொழுத்து, தவழவும் தொடங்கிவிட்டான். லீவு முடிந்து நிஸ்றா பள்ளிக்கூடம் போகிறாள். காலையில் எடுத்து வைத்துவிட்டுப் போகும் பாலை றஸீனா கோப்பையால் ஊட்டுகிறாள். வெள்ளிக்கிழமைகளில் றுமைஸ் வீடியோவில் வந்து, மகன் கத்துவதைக் கேட்டுவிட்டுப் போவான். வீட்டில் இப்போது ஹம்மூதியின் பேச்சும் வரும். நிஸ்றாதான் அதைத் தொடங்குவாள்.

போன கிழமை மின்ஹாஜ் கதிரைக் காலைப் பிடித்து எழும்பி நின்றான். அதைப் பார்த்துக்கொண்டே நிஸ்றா கேட்டாள்: "ஹம்மூதி எப்ப உம்மா நடந்தான்?"

"பத்து மாசத்தில. குசினிக் கதவிலயிருந்து என்னட்ட ஓடி வந்தான்."

"அப்ப நான்?"

றஸீனாவுக்கு அது தெரியாது. அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் தாங்கமுடியாது என்று பயந்திருந்தாள்.

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அஸீமா குரல் கொடுத்தாள். "நீ வருசம் முடிஞ்சும் நடக்கல்லகா, சோம்பேறி. பொறவு ஒருநாள் மழைக்க முத்தத்துக் கோழி ஒண்டு திண்ணையில ஒதுங்க வந்திச்சி. அதப் புடிக்க எழும்பின நீதான்..."

"இரிங்க ராத்தா, இரிங்க" என்று றஸீனா மின்ஹாஜைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், சுளகுக்கு முன்னால் சப்பணம் கட்டி உட்கார்ந்தாள். "முதல்ல இருந்து செல்லுங்க. என்ன நிறச் சட்டை போட்டிருந்தாள்?"