நோர்த் வூல்விச்: ஆறு வற்றியிருந்த முற்பகல்

லண்டனின் பழைய துறைமுகப் பக்கம் போக நினைக்கும் நண்பர்கள் இருவர் என்னிடம் வழி கேட்டிருந்தார்கள். நான் அங்கே போனது ஊர் பார்க்க அல்ல. 1991 ஒக்டோபர் கடைசியில், அத்தானின் சாம்பலோடு போனேன். அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். மாரடைப்பு, ஐம்பது வயதுகூட ஆகவில்லை. நான் ஜேர்மனியிலிருந்து விசா எடுத்து வந்து சேர்ந்தபோது தகனம் முடிந்து பல நாளாகியிருந்தது.

ஊரில் என்றால் சாம்பல் கரைக்கக் கீரிமலைக் கடல் இருக்கிறது. சண்டை நடக்கும் ஊருக்குச் சாம்பலை யார் கொண்டுபோவது? முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு முன்னர் அவரைக் கடலில் சேர்த்துவிட வேண்டும் என்று அக்கா ஒரே பிடியாக நின்றாள். வேறொன்றும் அவள் கேட்கவில்லை. தேம்ஸ் கடலுக்குப் போகிற ஆறுதானே, மதியத்துக்கு முன் கரைத்துவிடுங்கள், ஆண்கள் போனால் போதும் என்றார் ஐயர்.

"ஆம்பிளையள் போனால்தான் ஆறு ஓடுமோ? நானும் வாறன்," என்றாள் அக்கா.

அந்தியேட்டிக்கு முதல்நாள் காலை பத்து மணிக்கு ஈஸ்ட் ஹாமில் 101ஆம் இலக்க பஸ் எடுத்தோம். மூன்று மைல், அரை மணி நேரம். மேல்தட்டில் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டால் எல்லாம் தெரியும். முதலில் எங்கள் ஆட்களின் கடைகள், பிறகு வரிசை வீடுகள், அதன் பிறகு வெறும் வெளி. பெக்டனில் மூடிப்போன எரிவாயு ஆலையின் கழிவு ஒரு குன்றாகக் குவிந்து கிடந்தது. அதன் சரிவில் விரிப்புப் போட்டு, ஆட்கள் காசு கொடுத்துப் பனிச்சறுக்கு விளையாடிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரனை இந்த விஷயத்தில் வெல்லவே முடியாது. அடுத்து கப்பல் வராத கப்பல்துறை. தண்ணீர் மட்டும் அசையாமல் கிடந்தது. அதன் நடுவே கோட் சூட் போட்டவர்களுக்காகக் கட்டிய புதிய விமான நிலையம். எங்கிருந்தோ சீனி ஆலையின் கருகிய இனிப்பு மணம் வந்துகொண்டே இருந்தது.

ஒரு நீண்ட செங்கல் மதிலை அக்கா கை நீட்டிக் காட்டினாள். உள்ளே கட்டடம் இல்லை, ஆளுயரப் புல்தான்.

"கேபிள் ஃபாக்டரி. அஞ்சு வருஷம் உதுக்குள்ளைதான் நைட் ஷிப்ட் செய்தவர். பூட்டப்போறம் எண்டு வெள்ளிக்கிழமை சொல்லிச்சினம். திங்கக்கிழமை கேற்றிலை சங்கிலி."

என் மடியில் சாம்பல் இருந்தது. தகனசாலையில் கொடுத்த பிளாஸ்டிக் போத்தலில் அவரை வைத்திருக்க அக்காவுக்கு மனம் வரவில்லை. எங்கேயோ தேடி ஒரு மண்முட்டி வாங்கி, வெள்ளைத் துணியால் வாய் கட்டியிருந்தாள்.

கடைசித் தரிப்பில் இறங்கி, ஆற்றங்கரைப் பூங்காவைக் கடந்து பழைய கல்படிகளுக்குப் போனோம். ஆற்றைக் காணவில்லை. படிக்குக் கீழே முழுக்கச் சேறு. அதில் டயர்கள், கவிழ்ந்த சுப்பர்மார்க்கெட் தள்ளுவண்டி. தண்ணீர் எங்கேயோ நடுவில் ஒடுங்கி ஓடியது.

"தண்ணி எங்கையடா தம்பி?"

எங்கள் ஊர்க் கடல் ஒரு முழம் ஏறும், ஒரு முழம் இறங்கும். அதை யார் கவனித்தார்கள்? நாங்கள் நாள் பார்த்தோம், நேரம் பார்த்தோம், ஐயரைக் கேட்டோம். வற்றுப்பெருக்குப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் முட்டியைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். காத்திருங்கள், வரும் என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பூங்கா வாங்கில் உட்கார்ந்திருந்தோம். காற்று எலும்பைத் துளைத்தது. மதியம் தாண்டியது.

"ஐயர் சொன்ன நேரம் போட்டுது, அக்கா."

"போகட்டும். அவரைச் சேத்துக்குள்ளை விட்டிட்டு வர என்னாலை ஏலாது."

இரண்டு மணியளவில் தண்ணீர் படியைத் தொட்டது. எழும்பினேன். அப்போதுதான் மிதந்து போன ஒரு மரத்துண்டைக் கவனித்தேன். அது கடல் பக்கம் போகவில்லை. மேற்கே, நகரத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அக்கா, பெருக்குத் தண்ணி உள்ளுக்குப் போகுது. கடலுக்குத் திரும்ப இன்னும் ரெண்டு மூண்டு மணித்தியாலம் செல்லும். இருட்டிப்போம். நாளைக்கு அந்தியேட்டி. என்ன செய்வம்?"

அக்கா மேற்கே பார்த்தாள். ஆற்றுக்குக் குறுக்கே நின்ற வெள்ளத் தடுப்பு வாயில்களின் வெள்ளிக் கூரைகள் மினுங்கின.

"உது எங்கை மட்டும் போகும்?"

"பெரிய பாலங்கள் எல்லாம் தாண்டிப் போகும்."

"ஏழு வருஷம் இருந்தும் அந்த மனுசன் லண்டன் பாக்கேல்லை, தம்பி. பஸ், ஃபாக்டரி, வீடு. ஒருக்காப் பாத்திட்டுக் கடலுக்குப் போகட்டும்."

முட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவளே படியிறங்கித் தண்ணீரோரம் குந்தினாள். சேலை நனைந்தது. பால், பூ, பிறகு சாம்பல். சாம்பல் படர்ந்து மேற்கே போய் மறையும்வரை அவள் எழும்பவில்லை.

போகிறவர்களுக்கு: 101இன் பாதை பின்னர் மாறிவிட்டது, கேட்டு ஏறுங்கள். வற்றுப்பெருக்கு நேரத்தை முதலே பாருங்கள். கடல்தான் வேண்டுமென்றால் நீர் உச்சம் தொட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போங்கள். இப்போது அனுமதி தேவையா என்றும் விசாரியுங்கள். படிகள் பாசி, வழுக்கும். அக்கரைக்குப் போகும் ஃபெரிப் படகுக்குக் கட்டணம் இல்லை. மதிலும் புல்லும் இருந்த இடங்களில் அடுக்குமாடிகள் வந்துவிட்டன என்கிறார்கள்.

அந்தியேட்டி முடிந்த மறுநாள், நான் புறப்படுமுன், அக்காவை வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துக்குக் கூட்டிப்போனேன். அவளுக்கும் அதுதான் முதல் தடவை. பாராளுமன்றத்தையும் மணிக்கூட்டையும் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாம் பாத்திருப்பார், என்ன?" என்று கேட்டாள்.

"ஓம் அக்கா," என்றேன்.